பிக்கப் தொட்டியில படுக்க மேடையும் டிராயரும்: திருநெல்வேலி பேட்டை பட்டறையில செஞ்சு பதினோரு மாசம் ஓட்டுனதுல தெரிஞ்சது

நான் மைக்செட்டு, சீரியல் லைட்டு போடுத தொழில் பாக்கேன். பாளையங்கோட்டையில இருந்து தென்கெழக்க திசையன்விளை, மேக்க கடையம், தெக்க பணகுடி வரைக்கும் கோயில் கொடைக்கு, அதான் ஊரு சாமி கோயில் திருவிழாவுக்கு போவோம். பங்குனி, சித்திரை, ஆடி இந்த மூணு மாசத்துல வீட்டுல படுத்த நாள வெரல் விட்டு எண்ணிரலாம். செவ்வாக்கெழம கொடைன்னா திங்கக்கெழம சாயந்தரமே குழாய் ஸ்பீக்கர கட்டி ராத்திரி சாமிய அழைக்குத குடியழைப்புக்கு பாட்டு போட்டாவணும், மறுநாள் மதியக்கொடை, சாயந்தரம் வில்லுப்பாட்டு, ராத்திரி சாமக்கொடை, எல்லாம் முடிஞ்சி புதன்கெழம காலையில தான் வயர சுத்த முடியும். இதுக்கு நடுவுல ஒரு ரெண்டு மணி நேரம் கண்ண மூடுவோம்னு பாத்தா எடம் இருக்காது. கோயில் பக்கம் படுத்தா மேளச்சத்தம், பள்ளிக்கூடத்து வராண்டாவுல போயி படுத்தா ஆம்ப்ளிஃபயர யாரு பாக்கது. பதினாலு வருசமா கேபிள் பெட்டி மேல சுருண்டு படுத்து படுத்து இடுப்பு எலும்பு தேஞ்சி போச்சு, ஆஸ்பத்திரியில காட்டுனா தட்டையான எடத்துல காலு நீட்டி படுங்கன்னுட்டாவ. அதுக்கு செஞ்சது தான் இந்த மேடை. என்ன மாதிரி ராத்திரி வேல பாக்கவங்களுக்கு, சந்தைக்கு சந்தை போற யாவாரிகளுக்கு, ஒரு தார்ப்பாய் கட்டிட்டு குத்தாலம் சீசனுக்கு போறவங்களுக்கு எல்லாத்துக்கும் ஆவும்னு தான் விவரமா எழுதுதேன்.

என் வண்டி பொலிரோ பிக்கப், 1.7 டன் மாடல். தொட்டி, அதான் பின்னால சாமான் ஏத்துத எடம், 9 அடி நீளம், அஞ்சரை அடி அகலம். இதுல ஒரு விசயம் மொதல்லயே சொல்லிருதேன், வெளிநாட்டுக்காரங்க வீடியோவுல காட்டுத பிக்கப்புல முக்காவாசி ரெண்டு வரிசை சீட்டு உள்ளது, அதுல தொட்டி அஞ்சடி சொச்சம் தான் வரும், சக்கரத்து மேடு வேற ரெண்டு பக்கமும் உள்ள துருத்திக்கிட்டு நிக்கும், அதனால பின்கதவ தெறந்து போட்டு அதுக்கு மேல காலு நீட்டுத மாதிரி ஏதேதோ யோசிச்சி செய்வாவ. இங்க இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் வச்சிருக்கவங்களுக்கும் அதே பாடு தான். நம்ம ஒத்த கேபின் வண்டியில ஆறடி ஆளு தாராளமா படுத்தாலும் ரெண்டர அடி மிஞ்சும். அந்த வீடியோ அளவ அப்பிடியே எழுதிக்கிட்டு ஆசாரிட்ட போயி நிக்காதீங்க, நம்ம தொட்டிய நாமளே டேப்பு வச்சி அளக்கணும், அதுவும் அடியில ஒரு அளவு, மேல ஒரு அளவு, முன்ன பின்ன ஒரு அளவு. பழைய வண்டின்னா பக்கத்துக்கு பக்கம் அர இஞ்சு வித்தியாசம் வரும்.

இது எனக்கு ரெண்டாவது மேடை. முதல்ல 2022ல வேற ஒருத்தர்ட்ட செஞ்சேன், யாருன்னு வேண்டாம். வீட்டு கிச்சன் கப்போர்டு செய்யுதவரு, அதே மாதிரி கமர்ஷியல் பிளைவுட்டு, அதே மாதிரி கடையில விக்க, டிராயரு ஓடுத பால் பேரிங் சேனல் போட்டு குடுத்துட்டாரு. பாக்க அம்சமா இருந்துச்சு. அந்த சேனலு ஒரு ஜோடிக்கு 45 கிலோ வரைக்கும் தாங்கும்னு தான் அட்டையிலயே போட்டுருக்கும், அதுவும் செவத்துல அசையாம நிக்க அலமாரிக்கு. நான் வயரும் ஆம்ப்ளிஃபயரும் வச்சா ஒரு டிராயரே 80 கிலோ, அத வச்சிக்கிட்டு வேகத்தட வேகத்தடையா ஏறி எறங்குனா என்ன ஆவும். மூணாவது மாசம் குண்டு எல்லாம் உதுந்து டிராயரு ஒரு பக்கம் தொங்கிருச்சு. ஒரு நா திசையன்விளை ரோட்டுல பிரேக்க விட்டு ஏத்தத்துல எடுக்கும்போது டிராயரு பின்னுக்கு வந்து கதவ இடிச்சி, நல்ல வேளை கொக்கி ரெண்டும் பிடிச்சிக்கிட்டு, இல்லன்னா பின்னால வந்த பைக்குக்காரன் மேல தான் விழுந்துருக்கும். அத நெனச்சா இன்னைக்கும் நெஞ்சு படபடன்னு அடிக்கி.

பொறவு 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுன அந்த மழ, தாமிரபரணி ரெண்டு கரையும் மீறி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ள வந்தது எல்லாருக்கும் நெனவு இருக்கும்லா. ஜங்ஷன் பக்கம் செட்டு குடோனுல நின்ன என் வண்டியில தொட்டி வரைக்கும் தண்ணி. மூணு நா கழிச்சி பாத்தா பிளைவுட்டு நனஞ்ச நோட்டு புக்கு மாதிரி ஏடு ஏடா விரிஞ்சி கெடந்துச்சு. ஆசாரிய மட்டும் குத்தம் சொல்லி பிரயோசனம் இல்ல, கமர்ஷியல் பிளை தண்ணிக்கு ஆவாது, நான் கேட்டிருக்கணும். மரைன் பிளைன்னு வாய்ல சொன்னா போதாது, ஷீட்டுல ஐஎஸ் 710 முத்திர இருக்கான்னு பாத்து வாங்கணும். ஐஎஸ் 303ன்னு இருந்தா அது வீட்டுக்குள்ள வைக்கதுக்கு.

இப்ப பட்டறைக்கு வாரேன். பேட்டை ரோட்டுல லாரி பாடி கட்டுத பட்டறை வரிசையா இருக்குல்லா, அதுல ஒன்னு, போர்டு கூட கெடையாது. அண்ணாச்சிக்கு அறுவது வயசு இருக்கும், வெல்டிங்கு ஒரு பையன், மரவேலைக்கு ஒரு ஆசாரி. நான் போயி டிராயிங் எல்லாம் பேப்பர்ல போட்டு காட்டுனேன், அவரு அத வாங்கி மடக்கி பையில வச்சிக்கிட்டு, "தம்பி, நீரு மல்லாக்க படுப்பீரா ஒருச்சாஞ்சி படுப்பீரா"ன்னு கேட்டாரு. ஒருச்சாஞ்சி தான் அண்ணாச்சின்னேன். "அப்பம் இங்கன படுத்து காட்டும்"னாரு. பட்டறை தரையில ஒரு சாக்க விரிச்சி என்ன படுக்க வச்சி சாக்பீசால சுத்தி கோடு போட்டாரு, முட்டி மடக்குனா எங்க வருது, கை நீட்டுனா எங்க இடிக்கி, எந்திச்சி உக்காந்தா தல எவ்வளவு ஒசரம்னு எல்லாத்தயும். அடுத்து, "நாளைக்கு வரும்போது செட்டு சாமான் பூராத்தயும் கொண்டு வாரும், நீரு எத மொத எறக்குவீரோ அந்த வரிசையில தரையில அடுக்கி வையும்"னாரு. மறுநாள் கொண்டு போயி அடுக்குனேன், அவரு ஒவ்வொன்னா தூக்கி பாத்து எடைய கையால நிதானிச்சி, கனமானது எல்லாம் அச்சுக்கு முன்னால கேபின் பக்கம், அடிக்கடி எடுக்க மைக்கு, ஒயரு, டெஸ்டரு எல்லாம் டிராயருக்கு, ஜெனரேட்டரு தனியான்னு பிரிச்சாரு. எத்தனையோ கடைக்கு பணம் குடுத்துருக்கேன், என் வேலைய இப்பிடி உக்காந்து கேட்டு தெரிஞ்சிக்கிட்டு ஆரம்பிச்ச ஆளு இவரு ஒருத்தரு தான். இந்த ரெண்டு நாளுக்காவே நான் இந்த பட்டறைய யாருக்கும் சொல்லுவேன்.

செஞ்ச விதம் இதான். ஒன்ர இஞ்சு சதுர ட்யூப்பு, 14 கேஜு, அதுல ஆறர அடி நீளத்துக்கு சட்டம், ஒசரம் 13 இஞ்சு, ஒன்ர அடிக்கு ஒரு குறுக்கு. தொட்டி பக்கப்பலக சட்டத்துக்கு மேல நாலு இஞ்சு நிக்கி, அதனால தூக்கத்துல உருண்டாலும் விழமாட்டோம். சட்டம் ஒரே துண்டா இல்ல, நீளவாக்குல ரெண்டு பாதி, நடுவுல போல்ட்டு, கழட்டுனா நாலு பேரு சேந்து எறக்கிரலாம். வண்டியில வெல்டு வைக்கவே இல்ல, கயிறு கட்டுத கொக்கியில கிளாம்பு போட்டு நைலான் நட்டு வச்சி இறுக்கிருக்கு. "வெல்டு வச்சா வண்டி மேடைக்கு அடிமை ஆயிரும், நாளைக்கு லோடு அடிக்க வேண்டியது வந்தா என்ன செய்வீரு"ன்னாரு. சட்டத்துக்கும் தொட்டி தகரத்துக்கும் நடுவுல பழைய லாரி ட்யூப்ப வெட்டி வச்சிருக்காரு, சத்தமும் இல்ல, தகரத்துல துருவும் பிடிக்கல. ட்யூப்போட அடிப்பக்கம் எல்லாம் சின்னதா ஓட்ட, உள்ள தண்ணி போனா வடியதுக்கு. இது நான் கேக்காம அவரா செஞ்சது. ரெட் ஆக்ஸைடு ரெண்டு கோட்டு, மேல கருப்பு எனாமல்.

டிராயரு தான் இதுல உசுரு. ஆறடிக்கு டிராயரு வேணும்னு தான் நான் கேட்டேன், அவரு ஒத்துக்கிடவே இல்ல, ஆறடி டிராயர வெளிய இழுத்தா பின்னால பிடிமானம் எங்க இருக்கும், நாலடி போதும், மிச்சம் ரெண்டர அடிக்கு மேல் பலகைய தூக்குத மாதிரி கீலு போட்டு குடுத்துருதேன்னாரு. ரெண்டு டிராயரு, ஒவ்வொன்னும் ரெண்டர அடி அகலம், பத்து இஞ்சு ஆழம், 12 எம்எம் மரைன் பிளை, மூலையில ஃபெவிகால் மரைன் போட்டு ஸ்குரு, அதுக்கு மேல எல் ஆங்கிள். சேனலே கெடையாது. அதுக்கு பதிலா 6202 பேரிங்கு, பைக்கு சக்கரத்துல எல்லாம் வருமே, ரப்பர் சீல் உள்ளது, ஒரு டிராயருக்கு எட்டு. டிராயருக்கு அடியில ஆங்கிள் பட்ட, அது சட்டத்துல போட்ட பேரிங்கு மேல ஓடுது. பின்பக்கத்து பேரிங்கு மட்டும் ஆங்கிளுக்கு மேல இருந்து அமுக்குது, அதனால தான் மூணடி வெளிய இழுத்தாலும் டிராயரு முன்னால மூக்கு குத்தாம நிக்கி. மொத நாளு 90 கிலோ சாமான வச்சி ஒத்த வெரல்ல இழுத்து காட்டுனாரு. பதினோரு மாசம் கழிச்சி இப்பமும் ரெண்டு வெரல்ல வருது. பேரிங்கு போனாலும் எந்த ஊரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலயும் நூறு ரூவாக்கு கெடைக்கும், வள்ளியூர்லயும் கெடைக்கும் களக்காட்டுலயும் கெடைக்கும், ஸ்பானர் இருந்தா நாமளே மாத்திரலாம். கம்பெனி சேனல்ல இந்த நீளத்துக்கு கனமான அயிட்டம் இருக்கத்தான் செய்யுது, வெலய கேட்டா பேரிங்கு நல்லாருக்குன்னு தோணிரும்.

படுக்கை எப்பிடின்னு கேப்பீங்க. மேல 18 எம்எம் பிளை மூணு துண்டா, அதுக்கு மேல ரெண்டு இஞ்சு ஃபோமு, அதுக்கு மேல பத்தமட பாயி. வெல கூடுன பட்டுப்பாயி இல்ல, சாதாரண கோரப்பாயி தான், ஆனா ஃபோமு மட்டும் போட்டா முதுவு வேர்த்து நனையும், பாயி விரிச்சா குளுந்து கெடக்கும், இத அனுபவிச்சவனுக்கு தான் தெரியும். வளச்ச பைப்பு மூணு வச்சி மேல படுதா, உள்ள கொசுவல. எந்திச்சி உக்காந்தா தல இடிக்காது. போன சித்திரையில அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கொடை, அலங்காரம் முடிஞ்சி சாமக்கொடைக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குன்னாவ, மைக்க நம்ம பையன்ட்ட குடுத்துட்டு வந்து படுத்தேன், அம்பது அடி தள்ளி கணியான் கூத்து மகுட மேளம் அடிக்கி, எனக்கு ஒன்னும் கேக்கல. பையன் வந்து "அண்ணே, மைக்கு கத்துது"ன்னு காலப்பிடிச்சி ஆட்டுன பொறவு தான் முழிச்சேன். பதினாலு வருசத்துல கொடை ராத்திரி நான் ஒறங்குனது அன்னைக்கு தான். எந்திக்கும்போது இடுப்பு வலிக்கல.

ஒன்னு மட்டும் பழகிக்கிடணும், வண்டி சமமா நிக்கணும். கொஞ்சம் சரிவா நின்னாலும் தூக்கத்துல ரத்தம் தலைக்கு ஏறுன மாதிரி இருக்கும். அண்ணாச்சி சட்டத்துல ஒரு ரசமட்டத்த ஒட்டி குடுத்துருக்காரு, ரெண்டு மரக்கட்ட வச்சிருக்கேன், தாழ்ந்த பக்கத்து சக்கரத்துக்கு அடியில வச்சி ஏத்திக்கிடுவேன், தல கேபின் பக்கம், அந்தப் பக்கம் ஒரு இஞ்சு ஒசரமா இருக்கும்.

இப்ப கொற. அஞ்சு நாளுன்னு சொல்லி பதினோரு நா ஆக்கிட்டாரு, நடுவுல ஒரு கொடைக்கு வாடகை வண்டி எடுத்தேன், அதுக்கு உள்ள காச அவரு தரல, நானும் கேக்கல, ஆனா வருத்தம் இருக்கு. நாள் சொன்னா சொன்னது தான்னு இருக்கணும், நம்மள நம்பி ஒரு ஊரே பந்தல் போட்டு காத்துக்கிட்டு இருக்கு. அடுத்தது தாழ்ப்பா. மொத போட்ட தாழ்ப்பா வீட்டு கதவுக்கு போடுத சின்ன தாழ்ப்பா, மேடு பள்ளத்துல குதிச்சி குதிச்சி தானா வெலகிருச்சு. எனக்கு பழைய பயம் உண்டுல்லா, மறுநாளே கொண்டு போயி நிப்பாட்டுனேன். ஒரு வார்த்த பேசாம ரெண்டு டிராயருக்கும் அர இஞ்சு கம்பியில எல் மாதிரி வளச்சி, மேல இருந்து கீழ எறங்குத மாதிரி தாழ்ப்பா செஞ்சி மாட்டி குடுத்தாரு, காசு வாங்கல. மேல இருந்து எறங்குறது தானா ஏறாது. நீங்க எங்க செஞ்சாலும் தாழ்ப்பா கீழ் நோக்கி விழுதான்னு மொதல்ல பாருங்க.

இன்னொன்னு தூசி. தேரி மணல் பக்கம், உவரி, திசையன்விளை போயிட்டு வந்தா டிராயருக்குள்ள செவப்பா மாவு மாதிரி படிஞ்சிருக்கும், மைக்கு வலையில எல்லாம் ஏறி சத்தம் கரகரன்னு ஆயிரும். பின்கதவு இடுக்கு வழியா தான் வருது. கார் கதவுக்கு போடுத ரப்பர் பீடிங் வாங்கி டிராயர் முகப்ப சுத்தி நானே ஒட்டுனேன், முக்காவாசி நின்னுட்டு. இத பட்டறையிலயே செஞ்சிருக்கலாம். ஐப்பசி மழையில எடது பக்கம் பின் மூலையில பிளை ஓரம் கொஞ்சம் உப்புச்சு, பாத்தா அந்த வெட்டுன ஓரத்துக்கு மட்டும் பெயிண்டு போடாம விட்டுருக்காவ. மரைன் பிளைன்னாலும் வெட்டுன ஓரம் தண்ணிய குடிக்கும். எடுக்கதுக்கு முன்னால எல்லா ஓரத்தயும் வெரல் வச்சி தடவி பாத்து எடுங்க. ஆடி மாசம் வள்ளியூரு, பணகுடி பக்கம் காத்து இருக்கே, படுதா ராத்திரி பூரா படபடன்னு அடிக்கும், கயிற இன்னும் ரெண்டு எடத்துல கட்டுத மாதிரி வளையம் வேணும், அத இனிமே தான் போடணும். பகல்ல படுக்கதுக்கு இது ஆவாது, படுதாவுக்கு அடியில வெக்க கொதிக்கும், வேப்பமரத்து நெழலு கெடச்சா சரி.

லைட்டுக்கு 12 வோல்ட் எல்இடி ஸ்டிரிப்பு, அது மட்டும் நானே இழுத்தேன், நம்ம தொழிலுல்லா. பேட்டரி பக்கத்துலயே ஃபியூசு போடுங்க, மேடையில வந்து போட்டா நடுவுல வயரு உரஞ்சி தகரத்துல தொட்டா தடுக்க ஒன்னும் இல்ல. தகரத்த துளச்சி வயரு போற எடத்துல எல்லாம் ரப்பர் வளையம் கட்டாயம்.

அடுத்து சொல்லுதத தயவு செஞ்சி மனசுல வச்சிக்கிடுங்க. ஜெனரேட்டர தொட்டியில வச்சி ஓட்டிக்கிட்டு படுதாவ மூடி படுக்கவே படுக்காதீங்க, பக்கத்துலயும் வேண்டாம். அந்த பொகையில உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது, கண்ணும் எரியாது, ஒறக்கத்துலயே ஆள கொண்டு போயிரும். நான் ஜெனரேட்டர எறக்கி காத்து போற தெசையில முப்பது அடிக்கு மேல தள்ளி வச்சிட்டு தான் படுப்பேன், படுதாவுல தலமாட்டுலயும் கால்மாட்டுலயும் ஒரு அடி தெறந்தே கெடக்கும். அதே மாதிரி வண்டி ஓடும்போது யாரையும் மேடையில படுக்க வச்சி கூட்டிட்டு போகாதீங்க, சரக்கு வண்டி தொட்டியில ஆள ஏத்துறது சட்டப்படி தப்பு, பிரேக்கு போட்டா பிடிக்க ஒன்னும் கெடையாது. 1988 மோட்டார் வாகன சட்டத்துல 52ஆவது பிரிவு இருக்கு, ஆர்சி புக்குல உள்ளதுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது. நெரந்தரமா கூண்டு, கூர எதுவும் கட்டுததா இருந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு கைய வைங்க.

செலவு: 18 எம்எம் ரெண்டு ஷீட்டும் 12 எம்எம் ரெண்டு ஷீட்டும் சேத்து 13,200, இரும்பு 6,300, பேரிங்கு 16க்கு 1,600, போல்ட்டு கீலு தாழ்ப்பா பெயிண்டு பசை எல்லாம் 2,900, கூலி 11,000. ஆக 35,000 ரூவா. ஃபோமு, பாயி, படுதா, லைட்டு தனி. மேடையோட எடை 170 கிலோ கிட்ட வருது, அந்த அளவுக்கு லோடு கொறையும், கணக்குல வச்சிக்கிடுங்க. மிச்சம் விழுந்த பிளை துண்டுல ஆசாரி எனக்கு மைக்கு வைக்க ஒரு சின்ன பெட்டி அடிச்சி குடுத்தாரு, உள்ள குழி குழியா வெட்டி, ஒவ்வொரு மைக்கும் அதது குழியில படுத்து கெடக்கும். வீட்டுக்காரி அத பாத்துட்டு, "ஒங்களுக்கு ஒரு மெத்த, மைக்குக்கு ஒரு மெத்தயா"ன்னா.

செய்யணும்னு நெனக்கவங்க சும்மா அளவு மட்டும் எடுத்துட்டு போகாதீங்க, ஒங்க வண்டியில வழக்கமா என்ன இருக்குமோ அத்தனையோடயும் போங்க, காலையில பத்து மணிக்கு மேல போனா அண்ணாச்சி இருப்பாரு. ஆனி கடைசியில போயி ஆடிக்குள்ள வேணும்னு நின்னா அவரு வேலைய எடுக்கவே மாட்டாரு, தை பொறந்ததும் வண்டிய கொண்டு விட்டுட்டா பங்குனி கொடைக்கு முன்ன கைக்கு வந்துரும்.